மைனரா, வொக்ஸ்வேகனா?

பூனாகலை

அன்புள்ள தம்பிக்கு,

பழைய கார்களைச் சேகரிக்கும் பெரியவர் ஒருவர் பொருட்டு ஒரு வண்டியைப் புதுப்பிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகவும், மொரிஸ் மைனர், வொக்ஸ்வேகன் ஆகிய இரண்டில் எதைத் தெரிந்தெடுப்பதென்று என் அபிப்பிராயத்தைக் கோரியும் நீ எழுதிய கடிதம், விடாது பெய்யும் மழைக்கிடையே கிடைத்தது.

மலையேற்றத்தில் வொக்ஸ்வேகனே வல்லது. யந்திரம் பின்னால் அமைந்து அதன் பாரமெல்லாம் உந்தும் சக்கரங்களின் மீதே அழுந்துவதால், கொஸ்லந்தைப் பக்கத்து மண்பாதை சேறாய்க் குழம்பிக் கிடக்கும் நாளிலும் அது பிடித்து ஏறும். காற்றினாலேயே குளிர்வதாகையால், நெடிய ஏற்றத்தில் மைனருக்கு நேர்வதுபோல் ரேடியேட்டர் கொதித்து, பாதையோரப் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றும் அவசியமும் அதற்கில்லை. ஆயினும், ஃபேன் பெல்ட் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்த பின்னும் நிறுத்தாமல் ஓட்டுபவன் யந்திரத்தையே பறிகொடுப்பான்.

1948இல் வெளிவந்த, அலெக் இசிகோனிஸ் வகுத்த மைனரோ, வளைவுகளில் சாரதியின் கைக்கு உடனே இணங்கும் குணமுடையது. முன்சக்கரத்தின் கீழ் முனையிலுள்ள திருகுமூட்டுக்குச் சிரத்தையாகக் கிரீஸ் ஏற்றாவிட்டால், அம்மூட்டுத் தேய்ந்து கழன்று, சக்கரம் ஒருநாள் மடிந்து விழும்.

காலத்தை அறிவதற்குக் கண்ணாடியைப் பார். மைனரின் முன்கண்ணாடி 1956 வரை இரண்டு துண்டு. அவ்வாண்டு 948 சி.சி. யந்திரத்தோடு ஒரே வளைகண்ணாடி வந்தது. வொக்ஸ்வேகனின் பின்கண்ணாடியோ 1953 வரை இரு துண்டாகவும், 1957 வரை முட்டை வடிவாகவும் இருந்தது. துருவை அறிவதற்கு, பின் ஆசனத்தைத் தூக்கி, பற்றரி அமர்ந்த தரைத் தகட்டை விரலால் அழுத்திப் பார். வொக்ஸ்வேகனின் ரகசியம் அங்கேதான் வெளிப்படும். மைனருக்கு, மழைக்கோட்டை விரித்து அடியில் படுத்தாலன்றி உண்மை புலப்படாது.

இனி, என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். இறக்குமதி அருகி, உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிருந்த எழுபதுகளில், நானும் ஒரு மைனரின் மூல யந்திரத்தைக் கழற்றி, ஜப்பானிய யந்திரத்தை ஏற்றி ஓடவைத்தேன். பிழைப்புக்காக ஓடவேண்டிய வண்டிக்கு அது தகுந்த வைத்தியமே. ஆனால் கழற்றியதை எண்ணெய் தடவி ஒரு மூலையில் வைக்காமல், பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டேனே, அதுதான் பிழை. இன்று அவ்வண்டி எவ்வளவு பளபளத்தாலும், அதன் பதிவுப் புத்தகத்திலுள்ள யந்திர இலக்கமும் வண்டியிலுள்ள இலக்கமும் ஒன்றையொன்று அறியா. சேகரிப்பவர் முதலில் பார்ப்பதும் அதையே.

ஆதலால், இரண்டிலும் பெயரைப் பாராதே. தன் சொந்த யந்திரத்தோடும் சொந்தத் தகட்டோடும் நிற்பது எதுவோ அதையே தெரிந்தெடு. இரண்டும் அவ்வாறே நின்றால், மைனரை எடு. இந்நாட்டில் அதன் மருமம் அறிந்த கைகள் இன்னும் மிகுதி. கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் பெயரெழுதி டின்னிலே போட்டுவை. உனக்குப் பின்னால் இன்னொரு பையன் அதே வண்டியின் அடியில் படுப்பான். அவனுக்கு அந்த டின் வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய வாத்தியார்