கடமைகள் மோதும்போது தேவ நம்பிக்கை



பெற்றோரையும் நம்மை ஆளுகிற அதிகாரிகளையும் சங்கித்து, அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று நாலாம் கற்பனை போதிக்கிறது. அவர்கள் பாவமானதைக் கட்டளையிட்டாலோ கீழ்ப்படியலாகாது. மனிதர் கட்டளைக்கு மேலே சர்வேசுரனுடைய கட்டளை உண்டென்று அர்ச். இராயப்பரும் மற்ற அப்போஸ்தலர்களும் ஆலோசனைச் சங்கத்தின் முன் அஞ்சாமல் சொன்னதை நடபடி ஆகமம் 5-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இந்தப் பாடம் ஞானோபதேச வகுப்பில் எளிது. வாழ்க்கையிலோ, ஒரு பக்கம் மனச்சாட்சியும், மறு பக்கம் நாம் நேசிக்கக் கடமைப்பட்ட மனைவி மக்களும், நாடும், பெரியோரின் சொல்லும் நின்றால் என்ன செய்வது? இதற்கு ஒரு குடும்பஸ்தருடைய சரித்திரத்தைப் பார்ப்போம்.

ஆஸ்திரியா தேசத்தில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிறு கிராமத்தில் 1907-ம் ஆண்டு பிறந்தவர் பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். அவர் ஒரு விவசாயி. 1936-ல் பிரான்சிஸ்கா என்ற பக்தியுள்ள பெண்ணை மணந்தார். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. 1938-ல் ஹிட்லருடைய ஜெர்மனியோடு ஆஸ்திரியா இணைக்கப்பட்டதை ஆமோதிக்க வாக்கெடுப்பு நடந்தபோது, அந்தக் கிராமத்தில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. பிற்பாடு பங்குக் கோவிலில் கோவில்பிள்ளையாகவும் ஊழியம் செய்தார்.

ஹிட்லருடைய யுத்தம் அநீதியான யுத்தமென்றும், அதில் ஆயுதம் எடுப்பது தமக்குப் பாவமென்றும் அவர் மனச்சாட்சி சொல்லிற்று. குருக்களிடம் ஆலோசனை கேட்டார். லின்ஸ் நகர மேற்றிராணியாரிடமும் போனார். குடும்பத் தகப்பன் யுத்தத்தின் நீதியைத் தீர்மானிக்க வேண்டியதில்லை, குடும்பத்தைக் கவனித்துக்கொள் என்பதே அவருக்குக் கிடைத்த புத்திமதி. உறவினரும் தடுத்தார்கள். மனைவியும் முதலில் தடுத்தாள். தானும் எதிர்த்து நின்றால் அவருக்கு ஒருவருமே துணையில்லை என்று கண்டு, பின்பு அவர் பக்கம் நின்றாள்.

1943 மார்ச் முதல் தேதி இராணுவ முகாமுக்குப் போய், ஆயுதம் எடுக்க மாட்டேனென்று அறிவித்தார். காயப்பட்டோருக்குப் பணிவிடை செய்யச் சித்தமாயிருந்தார், அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பெர்லினில் இராணுவ நீதிமன்றம் ஜூலை 6-ந் தேதி மரண தண்டனை விதித்தது. ஆகஸ்டு 9-ந் தேதி பிரான்டன்பர்க் நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயது 36.

இவருடைய வாழ்வில் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது: மனச்சாட்சி என்பது நம் பிடிவாதத்துக்கு இட்ட மறுபெயர் அல்ல. அவர் வேதாகமத்தை வாசித்தார், ஜெபித்தார், அடிக்கடி தேவநற்கருணை உட்கொண்டார், பெரியோரைத் தேடிப் போய்க் கேட்டார். இவ்வளவும் செய்த பிறகே தீர்மானித்தார். அவருக்குப் புத்தி சொன்னவர்களை நாம் தீர்ப்பிட வேண்டாம். குருக்களாகிய நாங்கள் ஆலோசனை சொல்லலாம். உங்கள் ஆத்துமத்துக்குப் பதிலாக நாங்கள் தேவ தீர்வையில் நிற்க முடியாது.

இரண்டாவது: பெரிய கடமைக்காகச் சிறிய கடமையை அவர் உதறித் தள்ளவில்லை. நாட்டுக்குப் பாவமில்லாத சேவை செய்ய முன்வந்தார். சிறையிலிருந்து மனைவிக்கு அன்போடு கடிதங்கள் எழுதினார். பாவம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அந்த இடத்தில் மாத்திரம் நின்றுவிட்டார்.

மூன்றாவது: தேவ நம்பிக்கை இன்னதென்று இங்கே விளங்குகிறது. சரியானதைச் செய்தால் சர்வேசுரன் ஆபத்தை நீக்கிவிடுவார் என்று எண்ணுவது நம்பிக்கை அல்ல, பேரம். ஜெத்சமனித் தோட்டத்தில் சேசுநாதர் சுவாமியே பாத்திரம் அகல வேண்டுமென்று மன்றாடினார், பாத்திரம் அகலவில்லை. பிரான்ஸ் தம் மனைவி மக்களைக் கைவிட்டார் என்று பலர் சொன்னார்கள். அவரோ, தம்மைவிட அவர்களை அதிகமாய் நேசிக்கிற பிதாவின் கையில் அவர்களை ஒப்புக்கொடுத்தார். அந்தப் பிதாவுக்கு விரோதமாய்ப் பாவம் செய்து அவர்களைக் காப்பாற்ற முடியாது என்றே கண்டார்.

அதன் விலையைப் பிரான்சிஸ்காவும் செலுத்தினாள். ஊரார் பழித்தார்கள். 1950 வரை அவளுக்கு விதவை உதவித்தொகை மறுக்கப்பட்டது. நிலத்தை உழுது, பிள்ளைகளை வளர்த்து, கணவர் செய்த கோவில் ஊழியத்தையும் ஏற்றுக்கொண்டாள். மரண தண்டனைத் தீர்ப்பு 1997-ல்தான் ரத்தாயிற்று. 2007 அக்டோபர் 26-ந் தேதி, பரிசுத்த பிதா 16-ம் ஆசீர்வாதப்பர் காலத்தில், லின்ஸ் நகர மேற்றிராசனக் கோவிலில் பிரான்ஸ் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 94 வயதுள்ள மனைவி அங்கே இருந்து அதைக் கண்டாள். 2013-ல் தன் நூறாம் வயதில் மரித்தாள். பிரான்ஸ் இந்த மகிமை எதையும் முன்னறியாமலே வெட்டுமரத்துக்குப் போனார் என்பதை மறவாதிருப்போம்.

நமக்கு வரும் சோதனை பெரும்பாலும் சிறியது: பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் முதலாளி, பொய்ச் சாட்சி சொல்லக் கேட்கும் உறவினர், அநியாயமான சொத்துப் பங்கீட்டுக்குக் கையொப்பம் கேட்கும் அண்ணன். அப்போது அவசரப்படாதீர்கள். மனச்சாட்சியைப் பரிசோதித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், அறிந்தவர்களிடம் கேளுங்கள். நம் தீர்மானத்தால் யார் யார் கஷ்டப்படுவார்களோ, அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சர்வேசுரனிடம் ஒப்புக்கொடுங்கள். பிறகு செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

உங்கள் தெருவில் யாராவது இப்படித் தனியே நிற்பதைக் கண்டால், அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். பிரான்சிஸ்கா தன் கணவருக்குச் செய்தது அதுவே.