வெள்ளையைப் பார்க்கும் முன் காதைப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

அடுத்த பருவத்தில் உன் ராஜபாளையம் பொட்டையை இணை சேர்க்கப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மனசு நிறைந்தது. 2005-இல் தபால்தலையில் வந்த நான்கு இந்திய நாயினங்களில் நம்முடையதும் ஒன்று. அதைக் காப்பாற்ற உன் வயதுக்காரர்கள் வரத்தான் வேண்டும். ஆனால் கடுவன் தேடக் கிளம்புமுன் இதைப் படித்துவிடு.

குட்டி வாங்க வருகிறவர்கள் கேட்பது பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான். நீயும் அந்தக் கண்ணோடு கடுவனைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. ஏனென்றால், தோலுக்கு நிறம் தரும் நிறமி அணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் அங்கே ரத்தக் குழாய்கள் நலிந்து, ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் மடிந்துவிடும். குட்டி பிறந்து சில வாரங்களுக்குள் எல்லாம் முடிந்துபோகும். அப்புறம் வைத்தியமே கிடையாது. வெள்ளை நாய் எல்லாமே செவிடு என்று சொல்லவில்லை. வெள்ளையை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் செவிடும் கூடவே இறங்கும்.

இரண்டு காதும் கேட்காத குட்டியை எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். எனக்குக் கவலை ஒரு காது மட்டும் கேட்காத நாயைப் பற்றித்தான். கூப்பிட்டால் வரும், கேட் சத்தத்துக்குக் குரைக்கும். அதைச் சேர்த்தால் குட்டிகளில் செவிடு விழும் வாய்ப்பு கூடும். அமெரிக்காவில் வெள்ளை மிகுந்த டால்மேஷன் நாய்களைச் சோதித்தபோது 100-க்கு 30 அளவில் செவிக்குறை இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் காதுச் செவிடு!

கைதட்டிப் பார்ப்பதை நம்பாதே. காற்றசைவிலும் தரையதிர்விலும் செவிட்டுக் குட்டியும் திரும்பும். கூடப்பிறந்தவை எழுந்தால் தானும் எழும். குழந்தைகளுக்குச் செய்கிற பெரா (BERA) செவிச் சோதனை நாய்க்கும் உண்டு. குட்டிக்கு 5, 6 வாரம் ஆனபின் செய்யலாம், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே முடிவு வரும். எல்லா ஊரிலும் கிடைக்காது. திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரி. அங்கே இல்லையென்றால் எங்கே உண்டு என்று அவர்களிடமே கேள். தாய்க்கும் கடுவனுக்கும் முதலில் பார்த்துவிடு. செலவைப் பார்க்காதே.

நல்ல ரத்தம் வெளியே போகக் கூடாதென்று கூடப்பிறந்தவற்றையே சேர்க்கச் சொல்பவர்கள் உன்னிடமும் வருவார்கள். கேட்காதே. உள்ளுக்குள்ளேயே சேர்த்தால் கோளாறும் உள்ளேயே தங்கிவிடும். டால்மேஷன் இனம் முழுக்கச் சிறுநீர்க்கல் கோளாறு ஊறிப்போனபோது, 1973-இல் ஒருவர் பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறகு டால்மேஷனோடே சேர்த்து வந்து, கோளாறில்லாத வம்சத்தை மீட்டார். அமெரிக்கக் கென்னல் கிளப் அதை ஏற்க 2011 ஆயிற்று. இனத்தைக் காக்கிறோம் என்றவர்களே இத்தனை காலம் தடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நாய் இனப்பெருக்கத்துக்கான 2017 மத்திய அரசு விதிகளையும் படி: பொட்டைக்கு 18 மாதம் நிரம்ப வேண்டும், 8 வயதுக்கு மேல் கூடாது, ஆயுளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. அந்த விதிப்படி பதிவும் செய்துகொள்.

செவிட்டுக் குட்டி பிறந்தால் அதைத் தொலைக்கவும் வேண்டாம், மறைத்து விற்கவும் வேண்டாம். கைச்சாடைக்கு அழகாகப் பழகும். கருத்தடை செய்து, விவரத்தைச் சொல்லி, சுற்றுச்சுவர் உள்ள வீட்டில் கொடு.

கடுவனைப் பார்த்து வைத்தால், அதன் தாய் தகப்பனையும் முந்தைய ஈத்துகளில் செவிடு உண்டா என்பதையும் விசாரித்து எழுது. நானும் ஒருநாள் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா