முன்சக்கரத்தில் கை வைக்குமுன்

புதுக்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது.  

நீ வாங்கியிருக்கும் பழைய மாருதி 800 பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டுகிறதாம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதாம். லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ஷாக் அப்சார்பர் என்று மொத்தமாக வாங்கி வந்து மணமேல்குடி வீட்டு வாசலிலேயே மாற்றப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். தாராளமாகச் செய். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை அந்தக் காரைப் பிரித்துப் பூட்டித்தான் இந்த நாட்டில் பாதி மெக்கானிக்குகள் தொழில் கற்றார்கள். ஆனால் கடைக்குக் கிளம்புமுன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. எது தேய்ந்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுகிறவனுக்குப் பணம் போகும், சத்தம் போகாது.

முதலில் டயர் காற்றைப் பார். ஒரு டயரில் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அது சரியாக இருந்தால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கு. பாடியைத் தாங்கித் தூக்கவேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கவேண்டும். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், பால் ஜாயின்டாகவும் இருக்கலாம். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடலொடத்தால் டை ராடு எண்டையோ ஸ்டியரிங் ரேக்கையோ சந்தேகப்படு. வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது திருப்ப, நீ அந்த ஜாயின்டின்மேல் விரலை வை. தேய்ந்திருந்தால் அந்தத் தட்டல் விரலுக்கே தெரியும்.

பிரேக் போடும்போது மட்டும் 'டொக்' என்று கேட்டால் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷைப் பார். உன் வண்டியில் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அந்தக் கம்பிதான். ரப்பர் நைந்தால் பிரேக்கின் இழுப்புக்குச் சக்கரம் இடம் மாறும். ஜாயின்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறையையும் (பூட்) பார்த்துவிடு. பால் ஜாயின்ட் நம் தோள்மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் குண்டு. பூட் கிழிந்தால் செம்மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போய், கிரீஸ் வெளியேறி, சில மாதத்தில் ஆட்டம் கண்டுவிடும். குவாரி லாரிகள் ஓடும் நார்த்தாமலைப் பக்கத்துச் சாலைக்கும் உன் ஊர்க் கடற்கரைக்கும் ஓடுகிற வண்டிக்கு இது சீக்கிரமே வரும்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு செம்புராங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கிடக்கும். அதன்மேல் காரை நிறுத்தாதே. நசுங்கும் கல் முன்னறிவிப்புத் தராது. வாசல் மண்தரையானால் ஸ்டாண்டுக்குக் கீழே கெட்டியான பலகை போடு. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வை. ஸ்டாண்டு நழுவினாலும் அது தாங்கும்.

உப்புக்காற்றில் போல்ட்டெல்லாம் இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவை. டை ராடு எண்டைக் கழற்றுமுன் லாக் நட் நின்ற இடத்தில் பெயின்டால் அடையாளம் வைத்துக்கொள். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்று. ஜாயின்டின் கூம்பு தண்டு சிக்கிக்கொண்டால் மரையின் தலையில் அடிக்காதே. நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனியில் விட்டு, தண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டு, விடுபட்டுவிடும். புல்லர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பூட்டும்போது கேசில் நட்டை சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டார்க்குக்கு முறுக்கு. ஸ்ப்ளிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கு, தளர்த்தி நேராக்காதே. பழைய பின்னைத் திரும்பப் போடாதே. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கையால் மட்டும் பூட்டி வை. வண்டியைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகு முழுதாக இறுக்கு. தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பாகம் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 1929-ல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளில் பேர் பெற்றது. நம் மாவட்டத்து விராலிமலையிலேயே அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. இப்படிப் பேர் பெற்ற பாகம் கடையில் கிடைக்கும்போது, பெயரில்லாத டப்பாவில் பாதி விலைக்கு வரும் பால் ஜாயின்டை நம்பி ஏன் ஓட்டவேண்டும்?

ஒரே ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யாதே. உன் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940-களில் உருவாக்கியது. இதில் ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். ஸ்பிரிங் அமுங்கியபடியே உள்ளே இருக்கும். மேலே நடுவிலுள்ள நட்டைக் கருவி இல்லாமல் கழற்றினால் அது தெறித்து முகத்தையே உடைக்கும். ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கி, ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு போ. ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்று.

எல்லாம் முடிந்ததும் வீல் நட்டுகளைக் குறுக்காகக் குறுக்காக இறுக்கி, மெதுவாக ஓட்டி அன்றைக்கே அலைன்மெண்ட் பார்த்துவிடு. பெரும்பாலும் உன் வண்டியில் சரிசெய்யக் கூடியது டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம், மட்டும்தான். அது தவறினால் புது டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்து போகும். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப முறுக்கிப் பார்.

மாப்பிள்ளை, கார் ஓடாவிட்டால் வீட்டில் நிற்கும். ஸ்டியரிங் கழன்றால் சாலையில் எதிரே வருகிறவன் வீட்டிலும் இழவு விழும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் வண்டியை ஓட்டாமல் எனக்குப் போன் செய், பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா