வாஷ்பேசினில் போன சீம்பால்

பெரியம்மா வீட்டுப் பசு கன்று போட்ட அதே வாரத்தில்தான் எனக்கும் முதல் பிரசவம். பசுவுக்குச் செவ்வாய்க்கிழமை, எனக்கு வியாழக்கிழமை. பசுவின் சீம்பாலில் கருப்பட்டியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு இட்லிச் சட்டியில் வேகவைத்து, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் ஒரு டிபன் டப்பா வந்தது. என்னுடைய சீம்பாலை ஒரு சில்வர் கிண்ணத்தில் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினார்கள்.

"மஞ்சளா கொழகொழன்னு இருக்கு பாரு. பத்து மாசமா உள்ள கெடந்த பாலு, பிள்ளைக்கு ஆகாது" என்றார் பெரியம்மா.

நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்காதவள் இல்லை. எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்து, தேனியில் ஒரு லேபில் வேலை பார்த்தவள். சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். சிசேரியன் வலியில், பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். பத்து வருடமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

எவ்வளவு போயிருக்கும் என்கிறீர்கள்? இரண்டு நாள் பிழிந்து ஊற்றியதைச் சேர்த்துப் பார்த்தால்கூட ஒரு காபி டம்ளர் நிறையாது. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி இருந்தாலே போதும். அந்தச் சொட்டுகளில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் பிள்ளையின் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் கிருமி முதலில் வந்து இறங்கும் இடம் ரத்தம் இல்லை, வாயும் தொண்டையும் குடலும். அங்கே நிற்க வேண்டியது ஐஜிஏ. அதைப் பச்சைக் குழந்தையின் உடம்பு தானாகப் போதுமான அளவு சுரக்கப் பல மாதங்கள் ஆகும். சீம்பாலில் அது கெட்டியாக வருகிறது. ரத்தத்தில் கலப்பதில்லை, குடலின் உள்சுவரில் பூசினாற்போல் இருந்து கிருமியை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கூடவே லாக்டோஃபெரின், கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தான் பிடித்துக்கொண்டு அதைப் பட்டினி போடும்.

தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகளும் இருக்கின்றன. படித்த காலத்தில் இது என்ன வேஸ்ட் என்று நினைத்தேன். அது குடலில் குடியேற வேண்டிய பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிகளுக்குப் போடும் தீனி.

வேடிக்கை என்னவென்றால், கன்று வயிறார ஊட்டும் முன் பசுவில் ஒரு சொட்டுக்கூடக் கறக்கவிடாதவர் எங்கள் பெரியம்மா. "மொதப் பாலு குடிக்காத கன்னு தேறாது" என்பார். அது உண்மைதான். பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதத்தைக் கடத்தாது, கன்றுக்கு எல்லாமே சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். மாட்டுக்குப் பார்த்த நியாயம் தங்கச்சி மகளுக்கு எப்படி மறந்தது என்று நான் கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டேன்.

மற்றது சுருக்கமாக. பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தார்கள். பால் ஊறவில்லை என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் துண்டுச்சீட்டில் பால்பவுடர் பெயரை எழுதிக் கொடுத்தார். பால்பவுடரை இப்படித் தள்ளிவிடுவதைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பவுடரில் வயிறு நிறைந்த பிள்ளை என்னிடம் சப்பவில்லை. சப்பாததால் பால் சுரக்கவில்லை. ஏழாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு, கண் குழிந்து, மூன்று நாள் டிரிப்ஸ். சீம்பாலைக் கொட்டியதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, பாட்டிலை எப்படிக் கழுவுகிறீர்கள் என்றுதான் கேட்டார். நான் நன்றாகத்தான் கழுவினேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டேன்: சிசேரியனே ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை என் மார்பில் போடவேண்டும். முதுகில் ஊசி போட்டுச் செய்தால் நாம் விழித்துத்தானே இருக்கிறோம். நீங்களும் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவதற்குள் இதைப் பேசிவிடுங்கள், வலியில் பேச முடியாது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். அறையில் கிண்ணம், பாலாடை எதுவும் இருக்கக் கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பிடிக்கும் விதம், தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் எந்த நல்ல நர்ஸும் பத்து நிமிடத்தில் காட்டித் தருவார். "பால் பத்தல" என்று யாராவது ஆரம்பித்தால் மூத்திரத் துணியை எண்ணுங்கள். ஐந்து நாளைக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு நனைந்தால் பால் போதும்.

இன்னொன்று, இது என் நாத்தனாருக்காக. சின்னவனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்குச் சளிக் காய்ச்சல். "பாலு குடுத்தா பிள்ளைக்கு ஒட்டிக்கும் அண்ணி" என்று தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாள். என் மூக்கும் குடலும் பார்த்த கிருமிக்கு எதிரான அணுக்கள் மார்புக்கு வந்து, அதற்கென்றே ஐஜிஏவைத் தயாரித்துப் பாலில் அனுப்பும். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பிள்ளை என் மூச்சுக்காற்றில்தான் இருந்தது. முகக்கவசம் போட்டு, கை கழுவி, கொடுத்தேன். அவனுக்கும் மூக்கு ஒழுகியது, இரண்டு நாளில் நின்றது.

லேப் வேலையை விட்டதையும் குறை சொல்கிறார்கள். 26 வாரச் சம்பள விடுப்புச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைந்த கடை, லேப் போன்ற இடங்களுக்குக் கிடையாது, நாங்கள் ஆறு பேர். சின்னவனுக்கு ஆறு மாதம் வெறும் தாய்ப்பால், பிறகு சோற்றோடு இரண்டரை வருடம் வரை கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

போன பொங்கலுக்குப் பெரியம்மா வந்திருந்தார். பெரியவளும் சின்னவனும் முற்றத்தில் கரும்பைப் பிடுங்கிச் சண்டை போட்டார்கள். "ரெண்டும் ஒண்ணு போலத்தான வளந்து நிக்குது? நீதான் கெடந்து பொலம்புற" என்றார். நான் பெரியவளின் கையைப் பார்த்தேன். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திய கை அது. தழும்பு ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்குக் காபி போட எழுந்து போனேன்.