குமிழைத் திருகினால் வேகம் கூடாது

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் இந்த அறிவுரையும் தொடங்கிவிடும்: "அவசரமா? கீசர் குமிழைக் கடைசிவரைக்கும் திருகி வை, சீக்கிரம் சூடாகும்." கீசர் மாட்ட வருபவர் சொல்கிறார், பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், பொறியியல் படித்த பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். சுத்த அபத்தம். கேஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் தீ பெரிதாகிறது. அந்தப் பழக்கம்தான் குளியலறை வரைக்கும் வந்திருக்கிறது. கீசர் குமிழின் பின்னால் இருப்பதோ தெர்மோஸ்டாட். தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் அது கரண்டைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி கொடுக்கும். இடைப்பட்ட நிலை என்று ஒன்று அதற்குக் கிடையாது. 2,000 வாட் காயில், குமிழ் எங்கே இருந்தாலும் 2,000 வாட்தான் இழுக்கும்.

நம்பாதவர்கள் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 15 லிட்டர் தொட்டி, 25 டிகிரித் தண்ணீர், 2,000 வாட் காயில். பத்து நிமிடத்தில் சூடு சுமார் 19 டிகிரி ஏறி 44-ஐத் தொடும். குமிழ் 60-ல் இருந்தாலும் அதே 44தான், 75-ல் இருந்தாலும் அதே 44தான். 60-ஐ எட்ட 18 நிமிடம் போல ஆகும், செலவு 0.6 யூனிட். 75-க்கு 26 நிமிடம். செலவு ஏறத்தாழ 0.87 யூனிட். ஆக, உச்சத்தில் வைத்தவர் சம்பாதித்தது வேகம் அல்ல, கூடுதல் எட்டு நிமிடம் எரியும் சிவப்பு விளக்கு.

"உச்சத்தில் வைத்தால் தண்ணீர் நிறையக் கிடைக்கிறதே" என்பார்கள். அது உண்மைதான். 60 டிகிரித் தொட்டியோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். 75 என்றால் 50 லிட்டர். வீட்டில் நாலு பேர் வரிசையாகக் குளிப்பதற்கு இது உதவலாம். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடி பட்டாலே பெரியவர் தோலில் ஆழமான புண் உண்டாகும். 75-ல் அந்த அவகாசமும் இல்லை. குழந்தையும் முதியவரும் இருக்கிற வீட்டில் குழாயைத் திறப்பது யார் கை என்று யோசித்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் ஊர்களில் இன்னொரு கேடும் உண்டு: சூடு ஏற ஏற உப்பு காயிலில் படிவதும் கூடும். படிந்த காயில் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகும்.

அதற்காக 40-ல் வைத்து மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். தேங்கி நிற்கும் 20 முதல் 45 டிகிரித் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். 60-ல் சூடாக்கி, வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலப்பதே சரி.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. நாள் முழுக்க ஆனில் விட்டால் கரண்ட் மிச்சமா? இல்லை, தொட்டி சூட்டை இழந்துகொண்டே இருக்கும், இழந்ததற்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். ஸ்டார் முத்திரை அளப்பதே அந்த இழப்பைத்தான். விளக்கு அணைந்தால் கரண்ட் இல்லையா? தெர்மோஸ்டாட் துண்டிப்பது காயிலுக்குப் போகும் வழியை மட்டும்தான். குளிக்கும் முன் சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கோபம் வர வைப்பது ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் கெட்டால், "டைரக்டா கொடுத்துடறேன் சார், நல்லா சூடாகும்" என்று ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போகிற வழக்கம். அதோடு, சொட்டுகிற சேஃப்டி வால்வையும் அடைத்துவிடுகிறார்கள். சூடேறும் தண்ணீர் விரியும், அதனால்தான் வால்வு சொட்டுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. கரண்டை நிறுத்த ஆளில்லை, அழுத்தம் வெளியேற வழியில்லை என்றால் மூடிய தொட்டிக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். தொட்டி வெடித்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். புதிய தெர்மோஸ்டாட்டின் விலை சில நூறு ரூபாய். வாங்கி மாட்டச் சொல்லுங்கள்; மறுத்து டைரக்ட் கொடுக்கப் பார்ப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.