வால் நட்சத்திரத்தைச் சுடும் பென்குயினும் வாரிசுக் கணக்கும்



ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் 56ஐ 8ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தால், கணக்குப் பாடம் கை நழுவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாய்ப்பாடு நிற்காத பிள்ளைக்குப் பின்னம் ஏறாது. பின்னம் ஏறாவிட்டால் விகிதமும் இயற்கணிதமும் ஏறாது. எட்டு வரை தேர்ச்சி போட்டுவிடுவதால் ஒன்பதாம் வகுப்பில்தான் குட்டு வெளிப்படும். அப்போது, “எனக்குப் படிப்பு வராது, ஏலத்தோட்டத்துக்கே போறேன் அத்தா” என்கிற பையன்களை நம் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கேம் என்றாலே நமக்கு எரிச்சல். பணம் கட்டி ஆடுவது சூதாட்டம்; அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கணக்குக்கென்றே செய்த விளையாட்டுகளும் உண்டு. குமுளியைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புக் கணினிப் பாடநூலுக்குப் பெயரே ‘களிப்பெட்டி’. விளையாட்டு வழியாகத்தான் பாடம்.

நாம் சொல்ல வருவது ‘டக்ஸ் மேத்’ என்ற இலவச விளையாட்டு. விளம்பரம் கிடையாது, ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம். அண்ணனோ அக்காளோ பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி பரண்மேல் கிடந்தால் அதுவே போதும். வானிலிருந்து வால் நட்சத்திரம் விழும். அதன்மேல் 7 × 8 என்றிருக்கும். 56 என்று தட்டினால் அது சிதறும். தவறினால் கீழே இருக்கும் பென்குயினின் பனிவீட்டில் வந்து விழும். கூட்டலில் தொடங்கி வகுத்தல், குறை எண்கள் வரை போகும்.

அதிலேயே இன்னொரு ஆட்டம் உண்டு. எண் எழுதிய பாறைகள் மிதந்து வரும். 2, 3, 5, 7 என்று பகா எண்ணைத் தேர்ந்து சுட வேண்டும். சரியான காரணி பட்டால்தான் பாறை உடையும். ஆறாம் வகுப்புக் காரணிப் பாடம் இதுதான்.

ஆனால், இதை நன்றாகக் கவனியுங்கள். விளையாட்டு வேகத்தைத் தரும், காரணத்தைத் தராது. குத்துமதிப்பாகச் சுட்டுத் தப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. எனவே பத்து நிமிடம் ஆடியதும் நிறுத்தி, நோட்டில் 504ஐ உடைக்கச் சொல்லுங்கள்: 2 × 2 × 2 × 3 × 3 × 7. “ஏன் 5ஆல் சுடவில்லை?” என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது. உங்களுக்கு விடை தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளை உங்களுக்கு விளக்கட்டும்.

பிறகு நம் வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். ஒருவர் மவுத்தாகிவிட்டார். கடன், வஸிய்யத் போக 24 லட்சம் இருக்கிறது. மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். தகப்பனார் முன்பே காலமானவர். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. 8க்கும் 6க்கும் மீ.சி.ம. 24, ஆக 3/24, 4/24. மீதி 17 லட்சம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என ஐந்து பங்கு. ஒரு பங்கு 3 லட்சத்து 40 ஆயிரம். மகளின் பங்கு எவ்வளவு என்பதை மகளையே கணக்கிட்டுச் சொல்லச் செய்யுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலிலும் பெரும்பகுதி இந்த வாரிசுக் கணக்குதான்.

கணினி எப்போதும் அண்ணன் தம்பிகள் கையிலேயே இருக்கும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே முறை வைத்து, பெண்பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்கள்.