எல்லாவற்றையும் 24-ஆல் வகு, தங்கச்சி!

தங்கச்சி, மாடல் கார் கிட் வந்துவிட்டது என்று பெட்டியின் போட்டோவை அனுப்பியிருந்தாய். பிரித்தவுடன் கத்தியை எடுக்காதே. முதலில் போனில் கால்குலேட்டரைத் திற. நிஜக் காரில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற வயர் சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். உன் கார் 1/24 அளவு. வகுத்துப் பார், 0.3 மி.மீ.கூட வராது. வீட்டில் கிடக்கிற பழைய கேபிளிலிருந்து 1.5 மி.மீ. வயரை உருவி இன்ஜினில் மாட்டினால், நிஜ அளவில் அது 36 மி.மீ., ரேடியேட்டர் ஹோஸ் தடிமன்! பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் ஏதோ உதைக்கிறது என்று கண் கண்டுபிடித்துவிடும்.

டீட்டெயிலிங் என்றால் மேலும் மேலும் பாகம் சேர்ப்பது என்று நினைத்து, உலோகத் தகடு செட், ரெசின் சக்கரம் என்று சிலர் காசைக் கொட்டுகிறார்கள். அக்கா கட்சி வேறு. தடிமன், பளபளப்பு, நிறத்தின் அழுத்தம் மூன்றையும் 24-ஆல் வகுக்கத் தெரிந்தால் பெட்டியில் வந்த பாகங்களே போதும். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரே கணக்குதான். நடுநடுவே கொஞ்சம் திட்டும் வரும், வாங்கிக்கொள்.

நீ எடுத்திருப்பது தமியாவின் 1966 ஃபோக்ஸ்வாகன் பீட்டில். நல்ல தேர்வு. நிஜக் கார் 4.07 மீட்டர் நீளம், உன் மேஜையில் 17 சென்டிமீட்டர். உடம்பு முழுக்க உருண்டை என்பதால் பெயிண்டில் சின்னக் குறை இருந்தாலும் சட்டென்று கண்ணில் படாது. பொருத்தத்திலும் தமியா ஏமாற்றாது. 1946-இல் ஜப்பானின் ஷிசுஓகாவில் மர வியாபாரமாகத் தொடங்கி, மரத்தில் மாடல் செய்து, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு வந்த கம்பெனி அது. ஹசெகாவா, ஃபுஜிமி, அஓஷிமா என்று நீ இனிமேல் கேள்விப்படப்போகிற பெயர்களும் அதே மாகாணம்தான். அவர்களுடைய கார்கள் பெரும்பாலும் 1/24. அமெரிக்காவின் ஏஎம்டி மாதிரி கம்பெனிகளின் கார்கள் பெரும்பாலும் 1/25. ஒரு கிட்டின் சக்கரத்தை இன்னொன்றுக்கு மாட்டும் ஆசை எல்லோருக்கும் ஒருநாள் வரும். அப்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதே.

நிஜக் காரின் படங்களைச் சேர்த்துவை. ஆனால் வருஷத்தைப் பார்த்துச் சேர். பீட்டில் எப்போதும் ஒரே மாதிரி இருந்தது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வது. 1965 மாடலில் கண்ணாடிகள் பெரிதாயின. 1968 மாடலில் பம்பர் தடித்து உயர்ந்துவிட்டது. தவறான வருஷத்துப் படத்தைப் பார்த்து, சரியாக வந்திருக்கிற பாகத்தை நீ 'திருத்தி' வைக்கக் கூடாது.

இனி கத்தியை எடுக்கலாம். பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து எதையும் முறுக்கிப் பிய்க்காதே. நிப்பரால் முதலில் பாகத்தை விட்டுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு கிட்ட வந்து ஒரு வெட்டு. மிச்சமிருக்கும் மேட்டை 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை இழை. மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு உட்கார். தெறித்து விழுகிற கண்ணாடி பிராக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுகிற வேலை மிச்சம். எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவை. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

பாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அச்சின் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று மட்கார்டு மேலேயும் கூரைத் தூண்களிலும் ஓடும். இப்போது ஒன்றும் தெரியாது, பளபளவென்று பெயிண்ட் ஏறிய பிறகு பல்லை இளிக்கும். கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டி, 600, 1000 என்று இழைத்து எடுத்துவிடு. அதே கத்தி முதுகால் கதவு, பானட் இடுக்குகளில் மெதுவாக இழுத்து அவற்றைக் கொஞ்சம் ஆழமாக்கு. அகலமாக்கிவிடாதே. நிஜக் காரில் கதவு இடுக்கு 4 மி.மீ. என்று வைத்தால் உனக்கு 0.17 மி.மீ. கிட்டில் ஏற்கெனவே அதைவிட அகலமாகத்தான் இருக்கும்.

ஏன் ஆழமாக்கச் சொல்கிறேன்? நிஜக் காரின் பெயிண்ட், பிரைமர் முதல் மேல்பூச்சு வரை எல்லா அடுக்கும் சேர்த்தே சுமார் 0.1 மி.மீ.தான். நீ அடிக்கிற பெயிண்டும் அதே 0.1 மி.மீ. ஆகிவிட்டால், கணக்குப்படி உன் பீட்டிலின் மேல் 2.4 மி.மீ. பூச்சு. இடுக்குகள் மூழ்கிவிடும், எழுத்துகள் மொழுக்கென்று ஆகிவிடும். இந்தப் பொழுதுபோக்கில் பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். அதனால் பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தமியா ஸ்ப்ரே டப்பாவில் டிஎஸ் என்று போட்டிருப்பது நம்முடைய பாலிஸ்டைரீன் கிட்டுக்கு. பிஎஸ் என்று போட்டிருப்பது ரேடியோ கன்ட்ரோல் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு. இரண்டாவதை இதில் அடிக்காதே. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற கார், பைக் ஸ்ப்ரே மலிவுதான், ஆனால் அதன் தின்னர் இந்த பிளாஸ்டிக்கைக் கடித்துச் சுருக்கிவிடலாம். வெட்டிப்போட்ட சட்டத்தில் அடித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகு முடிவு செய். பொதுவாக சாம்பல் பிரைமர் போதும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை அடிப்பதானால் வெள்ளைப் பிரைமர், இல்லையென்றால் நிறம் அழுக்கேறித் தெரியும். மெட்டாலிக் வேண்டாம். அதில் மினுக்குகிற துகளையும் 24-ஆல் பெருக்கிப் பார், தெருவில் அப்படி ஒரு கார் ஓடினால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். பீட்டிலுக்கு ஒரு நல்ல சிவப்போ முத்து வெள்ளையோ போதும், அழகாக உட்காரும்.

டப்பாவைக் கை பொறுக்கிற வெந்நீரில் சில நிமிஷம் வை. பெயிண்ட் மெல்லிசாகப் பீய்ச்சும். அடுப்புப் பக்கம் கொண்டுபோனாயோ, அக்காவுக்குக் கெட்ட கோபம் வரும். பாடியை ஒரு பாட்டிலின் மேல் நிறுத்திக்கொள். 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய் நிறுத்து. முதல் இரண்டு பூச்சும் தூறல்தான். பிளாஸ்டிக் இன்னும் எட்டிப் பார்க்கிறதே என்று பதறாதே. பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளி விட்டு, கடைசியாக ஒரே ஒரு ஈரப் பூச்சு. கண் எதிரே பரப்பு கண்ணாடி மாதிரி படியும். அங்கேயே நிறுத்து. அதற்கு மேல் அடிக்கிற இன்னொரு கைதான் வழிந்து ஓடும்.

மழை நாளில் அடிக்காதே. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் இருந்தால் மழை இல்லாத நாளிலும் காலைப் பனி போய், வெயில் ஏறிய பிறகு அடி. பெயிண்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பால் கொட்டின மாதிரி வெள்ளை படரும். மொட்டை மாடியில் அடிப்பது நல்லது. துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி போட்ட ரெஸ்பிரேட்டர் வாங்கு. பெயிண்டில் மிச்சம் பிடி, இதில் பிடிக்காதே. அடித்து முடித்ததும் பெரிய பேசின் ஒன்றைக் கவிழ்த்து மூடிவை, கொசுவும் தூசியும் உட்காராது.

காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மூக்கை வை. தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. ஒரு வாரம் விட்டுவிடுவது பத்திரம். பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக இழைத்து, பாலிஷிங் காம்பவுண்டில் முரடு, நடுத்தரம், நைஸ் என்று வரிசையாகத் தேய். மட்கார்டு விளிம்பிலும் கூரை மடிப்பிலும் கை வைக்காதே, பெயிண்ட் அங்கேதான் முதலில் கழன்று வரும். மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த இடங்களை மறைத்துவிட்டுத் தேய்ப்பது நல்லது.

பளபளப்பு பாடிக்கு மட்டும். அடிப்பாகத்துக்கு அரைப் பளபளப்புக் கறுப்பு, டயருக்குக் கறுப்பை விட்டுக் கரும் சாம்பல். ஒரே கறுப்பை எல்லாவற்றுக்கும் அடித்தால் பொம்மைதான் மிஞ்சும். டயரின் தரை தொடும் பகுதியை உப்புத்தாளில் ஒரு சுற்றுத் தேய்த்துவிடு. நடுவில் ஓடும் அச்சுக்கோடும் போகும், நாலு கிலோமீட்டர் ஓடின மாதிரியும் இருக்கும். அரை நிமிஷ வேலை, கார் முகமே மாறிவிடும்.

அடுத்தது குரோம். பீட்டிலுக்கு இடுப்பைச் சுற்றி ஓடும் வெள்ளிக் கோடுதான் நகை. அதைப் பிரஷ்ஷால் தீட்டினால் எவ்வளவு நல்ல வெள்ளிப் பெயிண்டானாலும் சாம்பலாகத்தான் தெரியும். பேர்-மெட்டல் ஃபாயில் என்று பின்பக்கம் பசையுள்ள மிக மெல்லிய உலோகத் தாள் கிடைக்கும். கொஞ்சம் அகலமாக வெட்டி ஒட்டு. பஞ்சுக் குச்சியால் நீவு, பல்குத்தும் குச்சியால் ஓரங்களில் அழுத்து. பிறகு கோட்டின் இரண்டு பக்கமும் புத்தம் புது பிளேடால், அழுத்தமே கொடுக்காமல் வெட்டி மிச்சத்தை உரி. நேற்று சட்டம் வெட்டிய பிளேடு இதற்கு ஆகாது, தாளைக் கிழித்துவிடும். சமையலறை ஃபாயில் விறைப்பு, பசையும் இல்லை, வளைவில் மடிந்து நிற்கும். பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகுதான் இந்த வேலை. குரோம் பேனாவும் கிடைக்கிறது. சின்னப் பூட்டு, கைப்பிடிக்கு அது போதும், நீளமான கோட்டுக்கு என் ஓட்டு ஃபாயிலுக்கு. பெயர் எழுத்துகளுக்கு ஒரு தந்திரம் உண்டு. பெயிண்டுக்கு முன்பே எழுத்தின் மேல் ஃபாயில் ஒட்டி, அதன் மேலேயே பெயிண்ட் அடி. காய்ந்ததும், பல்குத்தும் குச்சி முனையில் துளி தின்னர் தொட்டு எழுத்தின் முகட்டை மட்டும் துடை. உள்ளேயிருந்து வெள்ளி எழுத்து வரும்.

கதவு இடுக்குகளுக்கு நிறம் விடுகிற திரவத்தைக் கறுப்பில் வாங்கிவிடாதே. சிவப்புக் காருக்கு அரக்கு, வெள்ளைக் காருக்கு வெளிர் சாம்பல். இடுக்கு ஏற்கெனவே அகலம், அதில் கறுப்பும் ஊற்றினால் கதவு திறந்து கிடக்கிற மாதிரி இருக்கும். காற்றுத் துவாரங்களில் மட்டும் கறுப்பு சரி.

கண்ணாடி 1 மி.மீ. கனம் என்றால் கணக்கில் 24 மி.மீ. வி.ஐ.பி. வண்டிக்குப் போடுகிற குண்டு துளைக்காத கண்ணாடி! அதன் விளிம்புகளைக் கறுப்பு பெயிண்டால் தீட்டு, கனம் மறைந்துவிடும். ஒட்டுவதற்கு ஃபெவிகால். காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். சூப்பர் குளூ கிட்டேயே வரக் கூடாது, அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். மற்றப் பாகங்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் தானே உள்ளே ஓடும். பெயிண்டும் குரோம் முலாமும் உள்ள இடத்தில் அது பிடிக்காது, ஒட்டுகிற இடத்தை முதலில் சுரண்டிக்கொள்.

உள்ளே ரொம்ப மெனக்கெடாதே, பாதி தெரியப்போவதில்லை. சீட் பெல்ட் உள்ள காரைப் பிறகு செய்தால், நிஜப் பட்டை சுமார் 48 மி.மீ., உனக்கு 2 மி.மீ. மாஸ்கிங் டேப்பைக் கீறி நிறம் தீட்டினால் போதும். தரைக்கு வெல்வெட் துணி ஒட்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடு, கணக்குப்படி அதன் முடி புல் மாதிரி நிற்கும். ஆன்டெனாவுக்குக் காலிச் சட்டத்தின் துண்டு ஒன்றை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து மெதுவாக இழு. இழுக்கிற வேகத்தில் எவ்வளவு மெல்லிய கம்பி வேண்டுமானாலும் வரும்.

நம்ம ஊர் நம்பர் பிளேட் போட ஆசைப்படுவாய், தெரியும். இப்போதைய காரின் பிளேட் 500-க்கு 120 மி.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட 21-க்கு 5. பளபளப்புத் தாளில் பிரின்ட் எடுத்து ஓரத்தைக் கறுப்பாக்கி ஒட்டிவிடு.

முடிந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் உடனே மூடிவைக்காதே. பசையும் பெயிண்டும் விடுகிற ஆவி உள்ளேயே சுற்றும். ஓரிரு வாரம் காற்றாட இருக்கட்டும். வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம். கிட்டோடு வரும் வினைல் டயர்களிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு பொருள் கசிந்து, வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தையே உருக்கிவிடுவது உண்டு. டயர் தொடும் இடத்தில் மாட்டுவதற்கு முன்பே ஒரு பூச்சு பெயிண்ட் கொடுத்துவிட்டால் அதற்கு ஒரு தடுப்பு ஆகும்.

அடுத்த கிட்டுக்கு ஹசெகாவாவின் 1/24 சுசுகி ஜிம்னியைப் பார். நம்ம ஊர் ஜிப்ஸியின் குடும்பம். பெட்டி மாதிரியான வண்டி, பாலிஷ் தலைவலி குறைவு, சேறு பூசலாம். அந்தச் சேற்றையும் வகுத்துத்தான் பூச வேண்டும், தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி ஒட்டிவிடாதே.